பலாலிக்கு எத்தனை மணித்தியாலம்?

லண்டன், ரொறன்ரோ, பாரிஸ், ஒஸ்லோ, மெல்பேண் என்று எங்கெங்கோ இருந்துகொண்டு, இந்த முறை நல்லூர்த் திருவிழாவுக்கு ஊருக்கு வர ஆயத்தப்படும் உறவுகளுக்கு,



நாற்பது வருடமாகச் சென்னையில், வளசரவாக்கத்தில் இருக்கிறேன். இதில் கடைசி ஐந்தாறு வருடமாக எனக்கு ஒரு புது வேலை வந்து சேர்ந்திருக்கிறது. சம்பளம் இல்லாத வேலை. "சென்னையில ஒரு அண்ணை இருக்கிறார், அவரைக் கேட்டால் சொல்லுவார்" என்று என் தொலைபேசி இலக்கத்தை யாரோ யாருக்கோ கொடுத்துவிடுகிறீர்கள். விடிய நான்கு மணிக்கு ரொறன்ரோவில் இருந்து அழைப்பு வரும். யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்தைப் பற்றிய கேள்வி எப்போதும் ஒன்றுதான். "அண்ணை, சென்னையிலயிருந்து பலாலிக்கு எவ்வளவு தூரம்? எத்தினை மணித்தியாலம் எடுக்கும்?"

போன மாதம் பெறாமகன் ஒருவன் கேள்வியோடு பாதி விடையையும் சேர்த்தே அனுப்பியிருந்தான். பொறியியல் படிக்கிறவன். இரண்டு விமான நிலையங்களுக்கும் இடையே 355 கிலோமீட்டர். அந்த வழியில் ஓடும் ஏடிஆர் விமானம் மணிக்கு 500 கிலோமீட்டர் போகும். ஆகவே 43 நிமிடம். "ஆனால் ரிக்கற்றில ஒன்றேகால் மணித்தியாலம் எண்டு போட்டிருக்கு, பெரியப்பா. மிச்ச அரை மணித்தியாலம் எங்கை?"

அந்த அரை மணித்தியாலம் எங்கே போகிறது என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லித் தொண்டை வற்றிவிட்டது. அதனால் எல்லோருக்கும் சேர்த்து இந்த மடல்.

முதலில் தூரம். பெறாமகன் சொன்ன 355 சரிதான். ஒரு கடதாசியும் பென்சிலும் இருந்தால் நீங்களே பார்க்கலாம். சென்னை விமான நிலையம் இருக்கும் மீனம்பாக்கம் வட அகலக்கோடு 12 பாகை 59 கலையில் இருக்கிறது. பலாலி 9 பாகை 47 கலையில். நெடுங்கோடு இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றே. 80 பாகையைத் தாண்டிச் சில கலைகள். அதாவது பலாலி சென்னைக்கு நேர் தெற்கே. 12.59இல் 9.47ஐக் கழித்தால் 3 பாகை 12 கலை. பாகைக்கு 60 கலை என்பதால் மொத்தம் 192 கலை. தெற்கு வடக்காகப் போகும்போது ஒரு கலை என்பது ஒரு கடல் மைல். கடல் மைல் என்ற அளவே அப்படிப் பிறந்ததுதான். ஆக 192 கடல் மைல். 1.852ஆல் பெருக்கினால் 355 கிலோமீட்டரும் சொச்சமும். கழித்தல் தெரிந்த பிள்ளை போடக்கூடிய கணக்கு. லண்டனுக்கும் சென்னைக்கும் இதைச் செய்யப்போனால் பூமியின் வளைவு குறுக்கே வந்து நிற்கும், திரிகோண கணிதம் தேவைப்படும். நமக்கு அந்தத் தொல்லை இல்லை.

நேர் தெற்கு வடக்கு என்பதில் வேறு இலாபமும் இருக்கிறது. லண்டனில் இருந்து சென்னைக்கு ஏறக்குறைய 8,200 கிலோமீட்டர். வரும்போது பத்து மணித்தியாலம். திரும்பிப் போகும்போது அதே தூரத்துக்குப் பதினொன்று. உயரத்தில் மேற்கில் இருந்து கிழக்கே வீசும் காற்று வரும்போது முதுகில் தள்ளுகிறது, போகும்போது முகத்தில் அடிக்கிறது. அதற்கு மேல் கடிகாரம் வேறு நான்கரை, ஐந்தரை மணி என்று மாறி, எப்போது சாப்பிடுவது எப்போது படுப்பது என்று தெரியாமல் வந்து நிற்பீர்கள். சென்னை பலாலி வழியில் காற்று பெரும்பாலும் பக்கவாட்டில்தான் அடிக்கும். போகவும் வரவும் அட்டவணையில் ஏறக்குறைய ஒரே நேரம். கடிகாரத்தையும் தொட வேண்டாம், இரண்டு பக்கமும் ஒரே நேரம்.

கடிகாரம் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. இந்த ஒரே நேரம் எப்போதும் இருந்ததில்லை. 1996 மே மாதம் இலங்கை தன் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது. அதே வருடம் ஒக்டோபரில் அதில் அரை மணியைக் குறைத்தது. 2006 ஏப்ரலில்தான் மறுபடி இந்திய நேரத்துக்கு வந்தது. இடைப்பட்ட காலத்தில் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த இடங்கள் பழைய நேரத்தையே வைத்திருந்தன. 2003இல் ஏ9 வீதி வழியாக ஊருக்குப் போனேன். அவர்களுடைய பகுதி தொடங்கும் ஓமந்தையைத் தாண்டியதும் பக்கத்து இருக்கைக்காரர் மணிக்கூட்டை அரை மணி பின்னுக்குத் திருகினார். அது முடியும் முகமாலையைத் தாண்டியதும் மறுபடி முன்னுக்குத் திருகினார். ஒரே வீதி, ஒரே வெயில்.

சரி, அரை மணித்தியாலத்துக்கு வருகிறேன்.

விமான நிறுவனங்கள் போடும் நேரம் பறக்கும் நேரம் என்று நினைக்கிறீர்கள். அங்கேதான் பிழை. நிற்கும் விமானத்தின் சில்லுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்திருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். அந்தக் கட்டையை இழுத்து விமானம் அசையும் நிமிடத்தில் இருந்து, போய்ச் சேர்ந்த இடத்தில் மறுபடி கட்டை வைக்கும் நிமிடம் வரைக்கும்தான் அவர்களுடைய கணக்கு. மீனம்பாக்கத்தில் கட்டை எடுத்ததும் விமானம் பறந்துவிடாது. ஊர்ந்து ஊர்ந்து ஓடுபாதையின் முனைக்குப் போக வேண்டும். முன்னால் நாலு விமானம் நின்றால் ஐந்தாவதாக நிற்க வேண்டும். இதற்கே பத்துப் பதினைந்து நிமிடம். காற்றின் திசையைப் பார்த்துக் கிழக்கே ஏறுவார்கள் அல்லது மேற்கே ஏறுவார்கள்; எப்படி ஏறினாலும் நமக்குப் போகவேண்டியது தெற்கு. ஆகவே ஏறிய பிறகு ஒரு வளைவு. 500 கிலோமீட்டர் வேகம் என்பது மேலே ஏறி நிதானப்பட்ட பிறகுதான். ஏறும்போதும் இறங்கும்போதும் அதில் பாதியும் இருக்கலாம். 355 கிலோமீட்டர் வழியில் நிதானமாகப் பறப்பதற்கு மிஞ்சுவது எவ்வளவு என்று நினைக்கிறீர்கள்? ஏறி முடிந்து தண்ணீர்ப் போத்தல் கையில் வருவதற்குள் இருக்கைப் பட்டியைக் கட்டச் சொல்லிவிடுவார்கள்.

போதாததற்கு, நிறுவனங்கள் தங்களுக்கென்று சில நிமிடங்களைக் கையிருப்பாகவும் அட்டவணையில் வைப்பார்கள். சொன்ன நேரத்தில் இருந்து 15 நிமிடத்துக்குள் வந்து சேர்ந்தால் விமான உலகத்தில் அது தாமதம் இல்லை. கூட்டிப் போட்டு வைத்து, முன்னதாக இறக்கிவிட்டு, "நேரத்துக்கு முன்பே வந்துவிட்டோம்" என்று ஒலிபெருக்கியில் பெருமையாகச் சொல்வார்கள். நம்முடைய கலியாண வீட்டு அழைப்பிதழில் முகூர்த்த நேரம் போடுவது நேர் எதிர்ப்பக்கம். அதை இன்னொரு மடலில் வைத்துக்கொள்வோம்.

தூரம் குறைந்தாலும் குறையாத இந்த நேரச் செலவு எவ்வளவு கனம் என்று பார்க்க வேண்டுமானால் திருச்சியை எடுங்கள். 2025 மார்ச் 30 முதல் திருச்சியில் இருந்தும் பலாலிக்கு விமானம் போகிறது. நேர்கோட்டில் ஏறக்குறைய 185 கிலோமீட்டர்தான், சென்னைத் தூரத்தில் பாதி. நேரமும் பாதியாக வேண்டும் அல்லவா? அட்டவணையில் ஒரு மணித்தியாலம். தூரம் பாதியானபோது நேரத்தில் குறைந்தது கால் மணித்தியாலம். ஜெட் விமானம் விட்டால் சீக்கிரம் போகலாமே என்று ஒரு மச்சான் கேட்டார். விட்டாலும் பத்துப் பதினைந்து நிமிடம் மிஞ்சும், அவ்வளவுதான். ஓட்டோவில் போகும் தூரத்துக்குப் பென்ஸ் கார் வாங்கி என்ன செய்வது?

இப்போது வீட்டுப் படலையில் இருந்து வீட்டுப் படலை வரைக்கும் கணக்குப் போடுவோம். விமானம் பகல் 2 மணிக்கு என்று வையுங்கள். வளசரவாக்கத்தில் இருந்து 10 மணிக்குப் புறப்பட்டால்தான் 11 மணிக்கு நிம்மதியாக உள்ளே போகலாம். வெளிநாட்டுப் பயணம் என்பதால் குடிவரவு, சுங்கம், பாதுகாப்புச் சோதனை எல்லாம் உண்டு. 2 மணிக்குக் கட்டை எடுத்து, 3.15க்குப் பலாலியில் கட்டை வைத்து, அங்கே கடவுச்சீட்டில் முத்திரை குத்தி, பெட்டியை எடுத்து, வெளியே வர 4 மணி. எங்கள் ஊர் கொக்குவிலுக்கு 4.45க்கு வந்து சேர்வீர்கள். மொத்தம் ஆறே முக்கால் மணித்தியாலம். 355ஐ அதால் வகுத்தால் மணிக்கு 53 கிலோமீட்டர். ஏ9 வீதியில் ஓடும் மினிபஸ்ஸின் வேகம்தான்.

"பிறகென்ன, கட்டுநாயக்காவுக்கே வாறம்" என்று சொல்லாதீர்கள். அதற்கும் கணக்கு இருக்கிறது. அதே 2 மணிக்குச் சென்னையில் ஏறினால் மூன்றரைக்குக் கொழும்பு விமான நிலையமான கட்டுநாயக்கா. வெளியே வர நாலரை. பிறகு யாழ்ப்பாணத்துக்கு ஒரு வான் பிடித்தால் எட்டு மணித்தியாலம். வானில் இறங்கி வானில் ஏறுவது என்று என் மருமகள் பகிடி பண்ணுவாள். கொக்குவிலுக்கு வந்து சேர இரவு பன்னிரண்டரை. நாய்கள் எல்லாம் குலைத்து, அயலட்டை முழுக்க எழும்பி, அரைத் தூக்கத்தில் தேத்தண்ணி வைத்து... பதினாலரை மணித்தியாலம். பலாலி வழியைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல்.

இதில் எனக்குத் தாங்காதது நேரம் இல்லை. வரைபடத்தில் அடிமட்டத்தை வைத்து மீனம்பாக்கத்தையும் கட்டுநாயக்காவையும் ஒரு கோட்டால் இணைத்துப் பாருங்கள். ஏறக்குறைய 650 கிலோமீட்டர். அந்தக் கோடு எந்த ஊருக்கு மேலால் போகிறது என்று பாருங்கள். யாழ்ப்பாணத்துக்கு மேலால். சுற்றிவளைத்துச் சொல்லவில்லை, கோடு பட்டினத்தையே தொட்டுக்கொண்டு போகிறது. இத்தனை வருடமும் நாங்கள் செய்தது இதுதான். வீட்டுக் கூரைக்கு மேலால் பறந்துபோய், இன்னும் ஏறக்குறைய 300 கிலோமீட்டர் தெற்கே போய் இறங்கி, மறுபடி ஏறக்குறைய 400 கிலோமீட்டர் வீதியால் வடக்கே வந்தோம். கொழும்பு விமானத்தில் ஒருமுறை விமானி கீழே யாழ்ப்பாணம் என்று அறிவித்தபோது, எனக்குப் பக்கத்தில் இருந்த வயதான அம்மா கும்பிட்டார். கோயிலைக் கும்பிட்டாரா வீட்டையா என்று கேட்கவில்லை.

எப்போதும் இப்படி இருந்ததா என்றால், இல்லை. பலாலி ஓடுபாதை இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானிய விமானப்படை போட்டது. போர் முடிந்து இலங்கையின் விமான நிறுவனமான ஏயர் சிலோன் தொடங்கியபோது அதன் முதல் பயணிகள் விமானம் எங்கே போனது தெரியுமா? 1947 டிசம்பர் 10ஆம் திகதி, கொழும்புப் பக்கத்து இரத்மலானையில் இருந்து புறப்பட்டு, காங்கேசன்துறை என்று அப்போது அழைக்கப்பட்ட இதே பலாலியில் இறங்கி ஏறி, மதராசுக்குப் போனது. டகோட்டா விமானம். இலங்கை சுதந்திரம் அடைய இன்னும் இரண்டு மாதம் இருந்தது. நாட்டுக்குக் கொடி வருமுன் எங்களுக்கு மதராஸ் விமானம் வந்துவிட்டது.

டகோட்டா மணிக்கு 300 கிலோமீட்டருக்குக் கிட்டப் போகும். பெறாமகனுடைய கணக்கு முறையிலேயே போட்டால் 355 கிலோமீட்டருக்கு வானில் 71 நிமிடம். இன்றைய விமானத்துக்கு 43. ஏழு தசாப்தத்தில் விஞ்ஞானம் நமக்குச் சேமித்துத் தந்தது 28 நிமிடம். பாதுகாப்புச் சோதனை வரிசையில் அதையும் திருப்பி வாங்கிவிட்டார்கள்.

என் தாய்மாமன் அந்தக் காலத்து ஆள். அறுபதுகளில் தங்கச்சிமாருக்குக் கூறைச்சேலை எடுக்க மதராஸ் போய்வருவார். ஒஸ்ரின் காரில் பலாலிக்குப் போவார். சாகும் வரைக்கும் ஒரு வசனத்தை அலுக்காமல் சொல்லிக்கொண்டிருந்தார்: "விடிய கொக்குவிலில புட்டு, பின்னேரம் மவுண்ட் ரோட்டில படம்." நாங்கள் சின்னப் பிள்ளைகள் அதைக் கேட்டுச் சிரிப்போம். ஏதோ சந்திரனுக்குப் போய்வந்த கதை மாதிரிச் சொல்கிறாரே என்று. பிறகு பார்த்தால் அது சந்திரனுக்குப் போனதைவிடப் பெரிய காரியமாகிவிட்டது.

எழுபதுகளின் கடைசியில் அந்த வழி அடைபட்டது. பிறகு நாற்பது வருடத்துக்கு மேல் பலாலியில் இருந்து இந்தியாவுக்குப் பயணிகள் விமானம் இல்லை. நான் 1986இல் மாதகல் கரையில் இருந்து இரவில் படகேறி வந்தவன். உங்களில் பலரும் அப்படித்தான், வருடம்தான் வேறு. கடலைக் கடந்தது மூன்று மணித்தியாலம். கடப்பதற்குக் காத்திருந்தது ஒன்பது நாள். நேவியின் ரோந்து, காற்று, எஞ்சின், எண்ணெய் என்று தினமும் ஒரு காரணம். ஆகவே "எத்தனை மணித்தியாலம்" என்று யாராவது கேட்டால் எனக்கு உடனே பதில் வராது. மூன்று மணித்தியாலமா, ஒன்பது நாளா?

1999இல் அம்மா செத்துப்போனார். செய்தி கொழும்புக்கு வந்து, கொழும்பில் இருந்து எனக்கு வந்தது மூன்றாம் நாள். அப்போது ஏ9 வீதி பூட்டியிருந்தது. முந்தின வருடம் செப்டெம்பரில் பலாலியில் இருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட பயணிகள் விமானம் 55 பேரோடு கடலில் விழுத்தப்பட்ட பிறகு அந்தச் சேவையும் நின்றிருந்தது. மிச்சம் இருந்தது திருகோணமலையில் இருந்து காங்கேசன்துறைக்குப் போகும் கப்பல். அதற்கு அனுமதிக் கடிதம், அதன் பிறகு காத்திருப்போர் பட்டியல். சென்னையில் இருந்து கொழும்புக்கு ஒன்றரை மணித்தியாலத்தில் போய்விட்டேன். வீட்டுக்கு மேலால்தான் போயிருப்பேன். பிறகு ஒரு விடுதி அறையில் இருந்துகொண்டு நாள் எண்ணினேன். காடாத்து முடிந்தது, எட்டுச்செலவு முடிந்தது. கொக்குவில் வீட்டுப் படலையைத் திறந்தபோது அந்தியேட்டிக்கு இரண்டு நாள் இருந்தது. அக்கா என்னைக் கண்டதும் அழவில்லை. "சாப்பிட்டனியே?" என்று கேட்டார்.

அதே 355 கிலோமீட்டர்தான், பிள்ளைகளே. ஒரு மீட்டர் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

ஆகவே 2019 ஒக்டோபர் 17ஆம் திகதி பலாலியைச் சர்வதேச விமான நிலையமாகத் திறந்தபோது, சென்னையில் இருந்து போன முதல் விமானம் தரைதொடுவதைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தேன். நவம்பர் 11 முதல் அலையன்ஸ் ஏயர் சேவை தொடங்கியது. நாலு மாதம் ஓடியது. கொரோனா வந்து 2020 மார்ச்சில் நின்றது. மறுபடி தொடங்க 2022 டிசம்பர் 12 ஆனது. 2024 செப்டெம்பர் 1 முதல் இண்டிகோவும் வந்தது. இடையில் 2023 ஒக்டோபரில் நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் பயணிகள் கப்பலும் விட்டார்கள். 110 கிலோமீட்டர் கடல், நாலு மணித்தியாலம். காலநிலை பார்த்து ஓடும், நிற்கும். அதையும் ஒருமுறை சோதித்துப் பாருங்கள், அவசரம் இல்லாதவர்கள்.

பலாலியில் இறங்கும்போது பெரிய கட்டடத்தை எதிர்பார்க்காதீர்கள். படியால் இறங்கி, வெயிலில் நடந்து உள்ளே போவது. வெளியே வந்து காரில் போகும்போது இரண்டு பக்கமும் பாருங்கள். 1990இல் வலிகாமம் வடக்கில் இருந்து எழுப்பி அனுப்பப்பட்ட சனங்களுடைய காணிகள். கட்டம் கட்டமாக விடுவித்தார்கள்; எல்லாம் இன்னும் வரவில்லை. கூரை இல்லாத சுவருக்குள் ஆலமரம் நிற்பதைக் காண்பீர்கள். உங்களில் சிலருக்கு அது சொந்த வீடாக இருக்கும். விமானம் வந்ததில் சந்தோசப்படும்போது இதையும் மறைக்க எனக்கு மனம் இல்லை.

இனி, அனுபவத்தில் கண்ட சில தொல்லைகள்.

பெட்டி. லண்டனில் இருந்து சென்னைக்கு வரும் பெரிய விமானத்தில் உங்களுக்கு விடும் எடை வேறு, பலாலிக்குப் போகும் சின்ன விமானத்தில் விடும் எடை வேறு. இரண்டு சீட்டையும் தனித்தனியாக வாங்கினால் பெரிய விமானம் விட்டதைச் சின்ன விமானம் மதிக்காது. போன வருடம் சின்னம்மா ஒருவர் சொக்கிலேற்றும் சவர்க்காரமும் போர்வையுமாக இரண்டு பெட்டி கொண்டுவந்தார். தராசில் வைத்தபோது கேட்ட மேலதிகக் காசு, சீட்டின் விலைக்குக் கிட்ட வந்தது. அந்த இடத்திலேயே பெட்டியைத் திறந்து, தரையில் சப்பணமிட்டு இருந்து, எதை விடுவது எதைக் கொண்டுபோவது என்று அவர் பிரித்த காட்சியை மறக்க முடியாது. கடைசியில் போர்வைகள் என் வீட்டில் தங்கின. சொக்கிலேற் போனது. ஊரில் இருக்கும் பேரப்பிள்ளைக்கு என்ன தேவை என்பதில் அவருக்குச் சந்தேகம் இருக்கவில்லை. திரும்பி வரும்போதும் இதே கதைதான். ஒடியல் மா, பனங்கட்டி, கறித்தூள், கறுத்தக்கொழும்பான் மாம்பழம். நிறுத்துப் பார்த்துக் கட்டுங்கள்.

விசா. சீட்டுத் தனித்தனி என்றால் சென்னையில் குடிவரவைத் தாண்டி வெளியே வந்து, பெட்டியை எடுத்து, மறுபடி உள்ளே போகவேண்டும். அதற்கு இந்திய விசா வேண்டும். கையில் கனடாக் கடவுச்சீட்டு இருக்கிறதே என்று அசட்டையாக வந்து நின்றவர்களைக் கண்டிருக்கிறேன். முடியுமானால் ஒரே சீட்டாக எடுங்கள். ஐப்பசி கார்த்திகையில் வருகிறவர்கள் மழையையும் யோசியுங்கள். வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் ஒன்று உருவானால் சென்னையும் குழம்பும், பலாலியும் குழம்பும். அந்த மாதங்களில் இரண்டு மணித்தியால இடைவெளியில் அடுத்த விமானத்தைப் பிடிக்கலாம் என்று திட்டம் போடுவது வேண்டாம். ஒரு இரவு தங்குங்கள்.

நான் ஒன்றும் பலாலியின் முகவர் இல்லை. இரண்டு கைக்குழந்தை, ஐந்து பெட்டி, கொழும்பில் மாமி வீடு, கண்டியில் நாலு நாள் என்று திட்டம் இருந்தால் கட்டுநாயக்காவுக்கே வாருங்கள், அதுதான் புத்தி. மெல்பேணில் இருந்து வருகிறவர்களுக்கும் கொழும்புதான் பெரும்பாலும் சுகம். ஆனால் யாழ்ப்பாணம் மட்டும்தான் போகிறீர்கள், கையில் ஒரு பெட்டிதான் என்றால், "பத்து டொலர் மலிவு" என்று எட்டு மணித்தியாலம் வீதியால் வருவதை என்னால் விளங்கிக்கொள்ள முடியவில்லை. அந்தச் சின்ன விமானத்தில் எழுபது, எண்பது இருக்கைதான். அதில் முப்பது வெறுமையாகப் பறந்தால் நிறுவனம் எத்தனை மாதம் பொறுக்கும்? நல்லூருக்கு மட்டும் நிரம்பி, மற்ற மாதம் எல்லாம் காற்றை ஏற்றிக்கொண்டு போனால், ஒரு நாள் அட்டவணையில் இருந்து எடுத்துவிடுவார்கள். குண்டு வேண்டாம், கொரோனா வேண்டாம், வெறும் கணக்குப் புத்தகம் போதும் ஒரு வழியை மூட. இரண்டு முறை மூடியதைப் பார்த்துவிட்டேன். மூன்றாவது முறை உங்களால் மூடியது என்று இருக்கக் கூடாது.

இன்னும் ஒன்று, இருக்கை. போகும்போது வலப்பக்க யன்னலைக் கேட்டு வாங்குங்கள். நேர்கோடு கல்பாக்கத்துக்குக் கிட்டக் கரையை விட்டுக் கடலுக்கு மேல் போகிறது; கரை உங்களுக்கு மேற்கே விலகி விலகிப் போகும். சின்ன விமானம் பெரிய ஜெட்டுகளின் உயரத்துக்கு ஏறாது, ஐந்தாறு கிலோமீட்டரில் பறக்கும்; வானம் தெளிவாக இருந்தால் புதுச்சேரிப் பக்கமும், காவிரி கடலில் கலக்கும் பச்சையும், பிறகு கோடியக்கரை முனையும் தெரியும். கோடியக்கரையோடு இந்தியா முடிந்துவிடும். அங்கே இருந்து காங்கேசன்துறைக்கு அறுபது கிலோமீட்டரும் இல்லை. தலையைத் திருப்புவதற்குள் பனை தெரியும். போன ஆவணியில் அக்காவைக் கூட்டிக்கொண்டு போனேன், சென்னைக்கு மருத்துவத்துக்கு வந்து திரும்புகிறவர். கோடியக்கரை வரைக்கும் நித்திரை. தட்டி எழுப்பினேன். யன்னலில் நெற்றியை முட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என் மணிக்கூட்டைப் பார்த்தார்.

"இவ்வளவுதானே?" என்றார்.

சீட்டு எடுத்ததும் திகதியை எனக்கு அனுப்புங்கள். வளசரவாக்கத்தில் மேல்மாடியில் இரண்டு மெத்தை இருக்கிறது. சின்னம்மாவின் போர்வைகளும் இருக்கின்றன. எடை மிஞ்சுகிறவர்கள் யாராவது கொக்குவிலுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தால் புண்ணியம்.

அன்புடன்,
உங்கள் சென்னை அண்ணை